அவள் தோளுக்குப் பின்னால்

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். குற்றாலத்தில் பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தபோது, கும்பலை விலக்கிக்கொண்டு ஒரு சினிமா நடிகை வந்தாள். நானும் ஈரச் சேலையோடு அவளை வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். எதிர்ப்பாறையில் ஒரு கேமராக்காரன் ஒளிந்திருந்தது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுமாதம் பத்திரிகையில் முழுப்பக்கப் படம். பதறிப்போய்த் துண்டை மாரில் இழுத்துப் போடும் அவள். அவள் தோளுக்குப் பின்னால், உடம்போடு ஒட்டிய சேலையில், பல்லெல்லாம் தெரிய நான். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் கல்யாணம் நின்றது என்றே வைத்துக்கொள்ளலாம்.

படம் எடுத்தவன் தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருந்தான். அம்மாவைக் கோயிலில் உட்கார வைத்துவிட்டு அங்கே ஓடினேன்.

"அண்ணாச்சி, அந்தப் படம் பதிஞ்ச கண்ணாடித் தகட்ட ஒடச்சிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒன்னய யாரும்மா பாக்கப் போறா? சனம் பூரா அந்தம்மாவத்தான் பாக்கும்."

"அவுகள்ட்டயாவது கேட்டு எடுத்தியளா?"

"கேட்டா எப்பிடி எடுக்க?" என்று சிரித்தான், பாவி.

கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. சுந்தரபாண்டியபுரத்துக்கு வந்த மூன்றாம் நாள், கணவரின் டிரங்குப் பெட்டியை வேட்டி எடுக்கத் திறந்தேன். மூடியின் உட்புறம் அதே படம், பசை போட்டு ஒட்டியிருந்தது! தினமும் அவர் அதைத் திறந்து சட்டை எடுப்பார். நான் அடுப்பங்கரையில் செத்துச் செத்துப் பிழைப்பேன். ஒருநாள் என் முகத்தை மட்டும் நகத்தால் சுரண்டப் பார்த்தேன். நடிகையின் தோள் ஓரம் லேசாகக் கிழிந்தது. "எவ தொட்டா?" என்று அவர் போட்ட கூச்சலில் அந்த முயற்சியையும் விட்டேன்.

இப்படியே நான்கு வருஷம். ஒருநாள் ஆலங்குளத்திலிருந்து அவருடைய சிநேகிதர் வந்தார். இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தேன்.

"ஏட்டி, அந்தப் பெட்டியக் கொண்டா" என்றார் இவர். நானேதான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

சிநேகிதர் குனிந்து பார்த்தார். "பின்னால சிரிச்சிட்டு நிக்கது யாருலே?"

இவர் படத்தருகே முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"எவளோ. அங்கன வந்து நின்னு படத்தையே கெடுத்துட்டா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே தம்ளரை நீட்டி, "சீனி பத்தல" என்றார்.

தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அடுப்பங்கரைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அடையாளம் கண்டு நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.