கருவாடா, பிஸ்கட்டா

காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்து, கமிலஸ் பாஸ் ஒரு தகரப் பெட்டியை உருவி எடுப்பார். தடித்த புத்தகம் அளவு இருக்கும். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கட்டளை போடுகிற கம்ப்யூட்டர் அதுதான். வயர் செருகும் வாயை மூக்குக்கு நேரே பிடித்து, கண்ணை மூடி, இரண்டே இழுப்பு.

"கருவாடு" என்பார். பெட்டி போய்விட்டது என்று அர்த்தம். அலமாரியிலிருந்து அதே எண் போட்ட வேறொரு பெட்டியை எடுத்து அதையும் முகர்வார். "பிஸ்கட்" என்றால் நல்ல பெட்டி. காரில் பூட்டிவிடுவார்.

தொண்ணூறுகளில் வந்த கார்களின் பெட்டிக்குள் மின்சாரம் தேக்கும் சின்னச் சின்ன உருளைகள் நிற்கும். வயதானால் அவை கசியும். கசிந்த சாறு கருவாடாக நாறும், உள்ளே இருக்கும் செப்புத் தடங்களைத் தின்னும். வென்னப்புவையின் மற்ற மெக்கானிக் பாஸ்மார் நாலு திருகாணியைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகும் தலையைச் சொறிவார்கள். கமிலஸ் பாஸ் அந்த ரகம் இல்லை. "திருகாணி கழட்டிப் பார்க்கிறது மூக்கில்லாதவன் வேலை."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். சைக்கிள் கடையில் ட்யூப் ஒட்டி, தென்னந்தோட்டத்து டிராக்டரில் கை பழகி, எவன் தயவும் இல்லாமல் மேலே வந்தவர். டிப்ளமோ வாங்கிய பையன்கள் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு கடைசியில் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். "கம்ப்யூட்டர் படிச்சவன் அவன். கம்ப்யூட்டர் தேடி வர்றது என்னை" என்று சொல்லி, மூக்கு நுனியை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். பொய்யில்லை. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரைக்கும் அப்படி ஒரு மூக்கு கிடையாது.

அதெல்லாம் பெப்ரவரி வரைக்கும். அந்த மாதம் ஒரு வாரக் காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெட்ரோலும் பச்சைத் தண்ணீரும் அவருக்கு ஒன்றுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. கெட்டுப்போன பெட்டியைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. வண்டி விக்குகிற விக்கலே சொல்லிவிடும். அலமாரியில் இருப்பவற்றில் எது நல்லது என்பதுதான் மூக்கின் வேலை. ஆளில்லாத நேரத்தில் திருகாணி கழற்றிப் பார்த்திருக்கலாம். தன் கண்முன்னால் தானே அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை. ஆறு மாதமாகக் கண்ணை மூடி, இரண்டு இழுப்பு இழுத்து, வாய்க்கு வந்ததைச் சொன்னார். எட்டு வண்டி. ஒன்றும் திரும்பி வரவில்லை.

கராஜுக்குப் பின்னால் இத்தாலி டைல்ஸ் பதித்த மாடி வீடு இருக்கிறது, பூட்டியபடி. மனைவி டெல்சி பன்னிரண்டு வருடமாக மிலானில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். அவர் கராஜின் ஓரத்து அறையில் படுத்து, அங்கேயே சமைத்துக்கொள்கிறார். ஒரு சுண்டு அரிசி இரண்டு வேளைக்கு வரும். பகல் ஒரு மணிக்கு டெல்சி வீடியோவில் கூப்பிடுவாள். போனை மேசையோரத்து வைஸின் இரும்பு வாயில் மெல்லக் கவ்வவைத்துவிட்டுப் பேசுவார்.

"பின்னால புகையுதே. பருப்பு அடிப்பிடிக்குது. மணக்கலையா உங்களுக்கு?"

"சளி."

"பெப்ரவரியிலயும் சளின்னீங்க."

"இங்க கடல் காத்து. உனக்கு எல்லாம் மறந்துபோச்சு."

"பார்சல் திறந்தீங்களா?"

"திறந்தேன், திறந்தேன். எல்லாம் நல்லாருக்கு."

திறக்கவில்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வருகிற அட்டைப்பெட்டி அது. கோப்பித் தூள், சாக்லேட், ஒலிவ் எண்ணெய். போத்தல் உடையாமலிருக்க, டெல்சி தான் போட்டுப் பழசான கம்பளிச் சட்டை ஒன்றைச் சுற்றி அனுப்புவாள். அவர் முதலில் எடுப்பது அந்தச் சட்டையைத்தான். எடுத்ததும் அதில் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி இரண்டு இழுப்பு இழுப்பார். இந்த வருடத்துப் பெட்டி நாலு மாதமாக அலமாரி உச்சியில் டேப் பிரியாமல் கிடக்கிறது.

ஒன்பதாவது வண்டி ஹெக்டர் மாஸ்டருடையது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மனைவிக்குப் பக்கவாதம்; செவ்வாய்தோறும் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். "பிஸ்கட், மாஸ்டர். கவலைப்படாம ஓட்டுங்க" என்று கமிலஸ் பாஸ் பெட்டியைப் பூட்டி அனுப்பினார். அடுத்த செவ்வாய் அந்தக் கார் ஆட்டோவின் பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்து சேர்ந்தது.

"மாதம்பையில ரயில் பாதை நடுவுல நின்னுபோச்சு கமிலஸ்" என்றார் மாஸ்டர். குரலை உயர்த்தவில்லை. "பஸ்ல வந்தவங்க இறங்கித் தள்ளினாங்க. தள்ளி முடிஞ்சு நாலு நிமிஷத்துல ரயில்."

பின்சீட்டில் அவர் மனைவி கைப்பையை மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும், மாஸ்டர்."

"இல்ல."

"அப்ப பேட்டரி வயர் லூசாயிருக்கும்."

"அதுவும் பார்த்தாச்சு. உன் மூக்கு தப்பாதுன்னு ஊரே சொல்லுது. அதை நம்பித்தான் இவளை ஏத்திட்டுப் போனேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் எமல்டா வேடிக்கை பார்க்க வந்தாள். திறந்திருந்த கார்க் கதவருகே குனிந்தவள் மூக்கைப் பொத்தினாள்.

"என்ன பாஸ் இது, இப்படி நாறுது?"

"கருவாட்டுக்காரி நாத்தத்தைப் பத்திப் பேசுறா, கேளுங்க மாஸ்டர்."

ஆட்டோக்காரன் சிரித்தான். எமல்டா சிரிக்கவில்லை.

"என் கருவாடு எனக்குத் தெரியாதா? அதுல உப்பு இருக்கும். இது உப்பில்லாத நாத்தம். ஆமா, பத்து வருஷமா மதிலுக்கு மேல தலையை நீட்டி என் கடையை ஏசின மூக்கு எங்க போச்சு? ஆறு மாசமா ஒரு பேச்சையும் காணோம். நான் என்னமோ மனுஷன் திருந்திட்டார்னு நினைச்சேன்."

கமிலஸ் பாஸ் காருக்குள் தலையை நுழைத்துப் பெட்டியை உருவினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்குக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடினார். ஒரு இழுப்பு. இரண்டாவது இழுக்கவில்லை. பெட்டியை எமல்டாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீ பாரு, தங்கச்சி. எனக்கு ஒண்ணும் வரலை."

"எப்ப இருந்து?" என்றார் மாஸ்டர்.

"பெப்ரவரி."

மாஸ்டர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். விடையைக் கமிலஸ் பாஸே சொன்னார்.

"இன்னும் எட்டு வண்டி ஓடுது, மாஸ்டர். நாளைக்கு ஒவ்வொண்ணா வரச் சொல்றேன்."

அலமாரியில் அதே எண்ணில் மூன்று பெட்டிகள் இருந்தன. முதலாவதற்கு எமல்டா முகம் சுளித்தாள். இரண்டாவதற்குக் காறித் துப்பினாள். மூன்றாவதை இரண்டு முறை முகர்ந்தாள்.

"பிஸ்கட்டுன்னா எப்படி இருக்கும்?"

"புது டின்னை அப்பத்தான் திறந்த மாதிரி."

"அப்ப இது."

கமிலஸ் பாஸ் நாலு திருகாணியையும் கழற்றினார். மாஸ்டரிடம் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளேயும் பார்த்தார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பூட்டி, வயரைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் விக்காமல் பிடித்தது. சிலாபம் வீதியில் தானே மூன்று தடவை போய் வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

கார் போனதும் எமல்டாவும் கடைப் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் நில்லு."

ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். தூசியைத் தட்டினார். வயர் சீவும் கத்தியால் டேப்பைக் கிழித்தார். கோப்பியையும் சாக்லேட்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, போத்தலைச் சுற்றியிருந்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் பிரித்தார். விரலில் இருந்த கிரீஸ் படாமல் அதை இரண்டு முன்கைகளிலும் ஏந்தி, எமல்டாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.