பாதிக் கனப் பலகையில் ஒரு சப்பரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் என் மனைவியின் பிடிவாதத்துக்கு முன்னால் என் கோபம் ஒன்றுமே இல்லை. எங்களுக்குப் பெண் பிறந்து மூன்று மாதமாகியும் அவள் பெயர் வைக்க விடவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளும் பெயர் வைத்த கொஞ்ச நாளிலேயே போய்விட்டன. "இவள மாரியம்மா முன்னால என் கையாலயே கிடத்தணும். அப்பறந்தான் பேரு" என்று சொல்லிவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் கால்களில் வலுவே இல்லை. கோயிலோ மலையடியில், எங்கள் லயமோ உச்சியில். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். "நான் என்ன பொணமா, தூக்கிட்டுப் போக?" என்று கத்தினாள். குழந்தையும் சேர்ந்து கத்தியது.

அவள் போக முடியாவிட்டால் அம்மன்தான் வர வேண்டும். அதில்தான் சிக்கல். பசறைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்துக்குப் போகிற பாதையை இரண்டு பாறைகள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஆள் நுழையலாம், சப்பரம் நுழையாது. அதனால் சாமி ஊர்வலம் வருஷாவருஷம் அந்தப் பாறையோடு திரும்பிவிடும். சப்பரத்தைக் கழற்றி மாட்டலாம் என்பது உண்மைதான். அம்மன் ஏறும் சப்பரத்தில் ஆணி அடிக்கக்கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். மரம் அறுக்கிற வாளும் உளியும் மட்டும் இரும்பில்லையா என்று கேட்டால் பூசாரிக்குக் கோபம் வரும். ஒரு பலகையின் ஓரத்தில் நாக்குப் போல நீண்டிருக்கும் துண்டு இன்னொரு பலகையின் துளைக்குள் புகுந்து மறுபக்கம் தலை நீட்டும். அந்தத் தலையில் ஓர் ஓட்டை. அதில் மரமுளையைச் செருகினால் இரண்டு பலகையும் இறுகிவிடும். ஆனால் அந்தப் பழைய சப்பரம் ஓர் அங்குலக் கனமுள்ள பலாப்பலகை. பிரித்தாலும் அதன் பலகைகளை அந்தச் செங்குத்தில் சுமக்க யாருக்கும் தெம்பில்லை.

நான் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், தேயிலைப் பெட்டி செய்கிற ஆசாரி. மிஞ்சிய பெட்டிப் பலகைகளை எடுத்துக்கொள்ளத் தோட்டத்துத் துரை அனுமதி தந்தார். எல்லாம் பழைய பலகையில் பாதிக் கனம். புதுச் சப்பரம் செய்கிறேன் என்று, திருவிழாவை நடத்தும் தலைக்கங்காணியிடம் சொன்னேன்.

"செய்யுங்க ஆசாரி. ஆடாம நின்னா சாமி மேல போகட்டும். ஆடுச்சுன்னா பாறையிலயே திருப்பிருவேன்" என்றார்.

சப்பரத்தின் ஒவ்வொரு பலகைக்கும் தகரத்தில் வெட்டிய அச்சு ஒன்று கோயிலில் இருந்தது. அதைப் பலகைமேல் வைத்துக் கோடு கிழித்து அறுத்தால் போதும். சாமி காரியத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றக்கூடாது, மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் மாற்ற வேண்டும் என்பது எங்கள் ஆசாரிமார் பிடித்திருந்த பிடி. பலகை பாதி என்றால் துளையும் பாதி, உயரமும் பாதி, அகலமும் பாதி. நான்கு நாள் வேலை. நாக்கும் துளையும் அழகாகப் பொருந்தின. பெருமையோடு வீட்டுக்குத் தூக்கி வந்து அவள் பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் பார்த்தாள். "இது சாமிக்கா, பாப்பாவுக்கா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மன் சிலையை யாரும் பாதியாக்கவில்லையே! சாமி இடுப்பு வரைகூட அதற்குள் போகாது. வெட்கத்தில் வந்த கோபத்தை அவள்மேல் காட்டினேன். அவள் அசையவில்லை.

"உங்க சட்டையில பொத்தான் தொலஞ்சு, நான் சின்னப் பொத்தான் வச்சா என்னங்க செய்வேன்? காஜாவத்தான சின்னதாக்குவேன்? சட்டையவேவா வெட்டுவேன்?"

சோறுகூடச் சாப்பிடாமல் ஸ்டோருக்குத் திரும்பிவிட்டேன்.

பழைய அச்சுகளையே மறுபடி எடுத்தேன். வெளி அளவு ஒன்றையும் தொடவில்லை. பூசாரிக்கும் அதில் குறை சொல்ல இடமில்லை. துளையின் அகலத்தைக் குறைத்தேன். நாக்கில் முளை போகும் ஓட்டையையும் உள்ளே தள்ளினேன், இல்லாவிட்டால் மெல்லிய பலகைக்கும் முளைக்கும் நடுவே இடைவெளி விழுந்து எல்லாம் ஆடும். பெட்டிப் பலகைகள் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் ஒன்றின் கனம் இன்னொன்றுக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு துளையையும் அதில் நுழையப் போகிற பலகையை வைத்தே கோடு போட்டேன். ஸ்டோர் சூட்டில் காய்ந்த பலகை வெளியே போனால் ஈரம் குடித்து ஊதும் என்பதும் தெரியும். இரண்டு நாள் நமுனுகுல மலைப் பனியில் போட்டு வைத்துவிட்டுத்தான் அளந்தேன். சொல்லிக்கொள்கிறேன், அந்த யோசனை என்னுடையது.

திருவிழா அன்று பாறையடியில் சாமியைப் பூசாரி கையில் வாங்கிக்கொண்டார். நான் முளைகளைக் கழற்றினேன். சப்பரம் பிரிந்து கிடக்கும் நேரத்தில் மேளம் அடிக்கமாட்டார்கள். அந்த அமைதியில் பலகைகளை ஒவ்வொன்றாக இடுக்கு வழியே மேலே கொண்டுபோனோம். மேலே அவள் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள் என்று எனக்குத் தெரியும். நாக்குகள் ஒவ்வொன்றும் ஒரே தட்டில் உள்ளே போயின. கடைசி முளையைச் செருகியதும் தலைக்கங்காணி வந்து இரண்டு கையாலும் சப்பரத்தைப் பிடித்து உலுக்கினார். மறுபடியும் உலுக்கினார். பிறகு மேளக்காரரைப் பார்த்து, "என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? அடிப்பா!" என்றார்.

பூசாரி சாமியை மறுபடி ஏற்றினார். எங்கள் வாசலில் சப்பரத்தை இறக்கியபோது அவள் குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி நிலைப்படிக்கு நகர்ந்து வந்திருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"மேளம் நின்னதும் அவ்வளவுதான், திரும்பிருவாங்கன்னு நெனச்சேங்க" என்றாள்.

நான் கை கொடுக்கப் போனேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. எட்டிச் சப்பரத்தின் பக்கப் பலகையைப் பிடித்தாள். பூசாரி தொடாதே என்று சொல்ல வாயெடுத்தார், தலைக்கங்காணி அவர் தோளில் கை வைத்தார். அவள் தன் முழுப் பாரத்தையும் அந்தப் பலகைமேல் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். என் கண் அவள் முகத்தில் இல்லை, துளைகளில் இருந்தது. ஒரு முளைகூட அசையவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் நின்றாள். நின்றபடியே குழந்தையை அம்மன் காலடியில் கிடத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப பேரச் சொல்லுங்க" என்றாள்.