பொன்னுத்துரை எடுத்த தலைப்புகள்

பொன்னுத்துரை அவன் வம்சத்தில் முதல் பி.ஏ. தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, நாகல் நகர் வேதபாடக் கூட்டத்தைப் போதகர் அவன் தலையில் கட்டினார். விசுவாசம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கும் பதில் தெரியாது.

செவ்வாய் சாயங்காலம் ரூத்தம்மாள் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். வாரம் ஒரு தலைப்பு. அதற்குரிய வசனங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடுப்பான், ஆளுக்கொன்றாக வாசிப்பார்கள். தலைப்புகளை வேதாகமச் சொல் அகராதியிலிருந்து அகர வரிசைப்படி எடுத்தான். வம்பு வராத வழி என்று நினைத்தான்.

‘கோபம்’ வந்த வாரம் பூட்டுப் பட்டறை மாசிலாமணி எழுந்து போனார். முந்தின நாள்தான் அவர் வீட்டில் சோற்றுத் தட்டு பறந்திருந்தது. “என் பொண்டாட்டி வந்து சொன்னாளா தம்பி?”

‘கோள்’ வந்த வாரம் அவருடைய பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி எழுந்து போனாள். அகராதியில் அடுத்த சொல் அதுதான் என்றான்.

“அகராதிக்கு என் பேரு எப்படித் தெரிஞ்சுச்சு?”

மற்றவர்களும் தங்கள் தலைப்பு வருமுன் வராமல் நின்றுகொண்டார்கள். போதகர் சைக்கிளிலிருந்து காலூன்றி, “ஆள் சேரலைன்னா இந்த மாசத்தோட நிறுத்திருவோம்” என்றார். செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டால் தான் வேதத்தைத் திறக்கவே மாட்டோம் என்பது பொன்னுத்துரைக்குத் தெரியும். வீடு வீடாகப் போனான். “இனிமே தலைப்ப நீங்களே சொல்லுங்க.”

மாசிலாமணி யோசிக்கவே இல்லை. “கோள இன்னொருக்கா வைங்க. ஒருத்திக்கு இன்னும் ஏறல.”

ஞானசௌந்தரி, “கோபம். நல்லா ஒறைக்கிற வசனமாப் பாத்து எடுங்க” என்றாள்.

அடுத்தவர் வாங்கிக் கட்டிக்கொள்வதைப் பார்க்க இருவரும் தவறாமல் வந்தார்கள். தெருவும் வந்தது. போதகர் இதைச் சபைக்குக் கர்த்தர் தந்த எழுப்புதல் என்றார். பொன்னுத்துரை மறுக்கவில்லை.

பிறகு ரூத்தம்மாளின் முறை. “பெருமை” என்றாள்.

“யாருக்கும்மா?” வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

“ஒனக்குத்தேன்யா. வேற யாரு?”

காய்ச்சல் என்று சொல்லி அனுப்பலாமா என அடுத்த செவ்வாய் மத்தியானம் வரை யோசித்தான். போனான். அவ்வளவு கூட்டம் அதுவரை வந்ததில்லை. ஒவ்வொருவரும் அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தார்கள். மாசிலாமணி தன் வசனத்தை இரண்டு தரம் வாசித்தார். எழுந்து போய்விடலாம் போலிருந்தது. கூட்டம் நடத்துகிறவன் எழுந்து போகிற வழக்கமில்லை.

தனக்கென்று வைத்திருந்த சீட்டை எடுத்தான். இருந்ததிலேயே லேசான வசனமாகப் பார்த்து எழுதியிருந்தான். வாசித்தபோது அதுவும் லேசாக இல்லை.