உங்கள் மாமன் வாயில் பஞ்சு இருந்த நாள்

கண்ணுகளா, நீங்கள் இரண்டு பேரும் ஹாஸ்டலில் இருந்த வருஷம் அம்மாவுக்கு இருமல் வந்தது. போனில் "லேசா சளி" என்று சொல்லி வைத்தோம். நடந்ததை இப்போது எழுதுகிறேன். பத்தாவது படித்த அப்பன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல். ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் கொட்டச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சிமெண்ட் ஆலை இருக்கும் நம் மதுக்கரையில் ஒருவர் இருமினால் நோயைக் கண்டுபிடிக்க டாக்டர் எதற்கு? சிமெண்ட் தூசி. கோழி செத்தாலும் இங்கே சிமெண்ட் தூசிதான். பால்காரர் வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் மாமனும் அதையேதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னால் கதை வேறு. அம்மாவுக்கு அண்ணன், அதோடு மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்தவர். அன்றிலிருந்து சொந்தத்தில் யாருக்கு என்ன வந்தாலும் டாக்டரிடம் பேசும் பதவி அவருக்கு. நோயாளி உட்காரும் நாற்காலியில் அவர் உட்காருவார். அம்மா பின்னால் நிற்பாள். நான் ஃபைல் பிடிப்பேன்.

"எத்தனை நாளா இருமல்?" என்று டாக்டர் கேட்பார்.

"சிமெண்ட் தூசிங்க டாக்டர். அலர்ஜி."

கேட்டது நாள், கிடைத்தது நோய். வெளியே கூட்டம் நிற்கிறது, டாக்டரும் எழுதிக்கொள்வார்.

"வேற மாத்திரை எதாச்சும் சாப்பிடறாங்களா?"

"அதெல்லாம் ஒன்னுமில்லீங்க."

அம்மா தினமும் போடும் பிரஷர் மாத்திரை மாமன் அகராதியில் மாத்திரை அல்ல. காலைக் காபி மாதிரி அதுவும் ஒன்று.

ஆடியில் வந்த இருமல் தையிலும் போகவில்லை. கடைசியில் ஒரு டாக்டர், "எதுக்கும் நுரையீரல்ல குழாய் விட்டுப் பாத்துருவோம். கெட்டது எதுவும் இருக்கக் கூடாதில்ல?" என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா பீரோ சாவியை என் கையில் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் தொட்டறியாத சாவி. வாங்கி அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

குழாய் விடப்போகிற டாக்டரம்மாவை முதலில் பார்க்கப் போனோம். அன்று காலைதான் மாமனுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தார்கள். வாய் நிறையப் பஞ்சு, பேசக் கூடாது. பதவி விடுமா? வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப இருந்து இருமல்?"

மாமன் "ம்ம்... ம்ம்" என்று இரண்டு கையையும் விரித்து, தூசி பறப்பதை நடித்துக் காட்டினார். மயிலாட்டம் தோற்றது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "பேஷண்ட் இவருங்களா?"

"இல்லீங்க, பின்னால நிக்கறாங்க."

"அய்யா, கொஞ்சம் எந்திரிங்க."

அத்தனை மாதத்தில் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கறனுங்க," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல். நம் சனம் அப்படி. பாடையில் வைத்துக் கேட்டாலும் நல்லா இருக்கறனுங்க என்றுதான் சொல்லும்.

"நல்லா இருக்கறவங்க எதுக்கு வந்தீங்க?"

"அண்ணன் கூட்டியாந்தாருங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, இருமல் எதனால வந்துச்சுன்னு நீங்க நெனைக்கறீங்க?"

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வாயில் பஞ்சு.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பிரஷருக்கு வேற மாத்திரை குடுத்தாங்க. அதப் போட ஆரம்பிச்ச வாரத்துல இருந்துதானுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது சிலருக்கு வறட்டு இருமல் குடுக்கும். மொதல்ல இதை மாத்திப் பாப்போம், குழாய் இருக்கட்டும். பிரஷர் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க."

காரில் கேட்டேன், "ஏம்புள்ள, இத்தனை நாளா இதச் சொல்லியிருக்கலாமல்ல?"

"அந்த பிரஷர் டாக்டரு எத்தனை தங்கமான மனுசருங்க! போறப்பெல்லாம் கொழந்தைங்களை விசாரிப்பாரு. உங்க மாத்திரை ஒத்துக்கலீன்னு மூஞ்சிக்கு நேரா எப்படீங்க சொல்றது? விருந்துக்குப் போன ஊட்டுல உப்பு பத்தலீன்னு சொல்லுவமுங்களா?"

மரியாதைக்காக நுரையீரலையே எழுதிக் கொடுக்க இருந்திருக்கிறாள்.

சில வாரத்தில் இருமல் நின்றது. "நான் பேசாம இருந்ததுனாலதான் மாப்ள, நோயே புடிபட்டுச்சு" என்று மாமன் ஊரெல்லாம் சொன்னார். அவர் சொன்ன வைத்தியத்தில் எனக்குத் தெரிந்து சரியானது அது ஒன்றுதான்.

பிறகு பிரஷர் டாக்டரிடம் போனோம். மாமன் நாற்காலியை நோக்கி நடந்தார். அம்மா முந்திப்போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங்ணா, நீங்க போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வாங்க."

அவர் போனதும் டாக்டரிடம் சொன்னாள், பழைய மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று, எல்லாவற்றையும்.

"அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க கொழந்தைங்களைத்தானுங்க விசாரிச்சீங்க."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே பீரோ சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.