தூங்குகிற நெருப்பு

கலேர்வே சந்தையில் மத்தோக்கே வாழைக்காயின் தோல் மலையாகக் குவியும். நகராட்சி லாரி நினைத்தால் வரும், இல்லாவிட்டால் நாற்றம்தான். தக்காளி விற்று நொடித்துப்போன நகிபூலே அந்தத் தோலை வார ஆரம்பித்தாள். காயவைத்து, பீப்பாயில் மூட்டம் போட்டுக் கரியாக்கி, மரவள்ளிக் கஞ்சி ஊற்றிப் பிசைந்து உருண்டை பிடித்தாள். காட்டை வெட்டிச் சுட்ட மரக்கரி இனி வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லியும் விட்டாள்.

கஞ்சியைத் தாராளமாக ஊற்றியதுதான் தப்பு. சந்தைக் களத்தில் காயப் பரப்பிய உருண்டைகளை ஆடுகள் மேய்ந்துவிட்டன.

"உன் கரியில அடுப்பு எரியுதோ இல்லையோ, ஆடு நல்லா கொழுக்குது," என்றான் சப்பாத்தி போடும் முகாசா. சந்தையே சிரித்தது. அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் விட்டுவிடுகிற ரகமில்லை அவள். கஞ்சிக்குப் பதில் புற்றுமண்ணைக் குழைத்தாள். ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போனது. அதை முகாசாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இது தூங்குற நெருப்பு," என்றான் அவன், எரித்துப் பார்த்துவிட்டு. "சப்பாத்தி வேகறதுக்குள்ள ஆளு பஸ் ஏறிடுவான்."

இதற்குள் சந்தைத் தலைவர் கிஸிட்டோ வந்து நின்றார். "களத்தை மரக்கரிக்காரனுக்கு விடப்போறோம். சனிக்கிழமை அவன் லாரி வருது. அதுக்குள்ள ஒரு கடையாவது உன் கரியை எடுத்துச்சுன்னா பார்க்கலாம்."

களம் போனால் பிழைப்பே போச்சு. ஆனாலும் முகாசாவின் சொல்தான் அவளைக் குடைந்தது. தூங்குகிற நெருப்பு யாருக்குத் தேவை? விடை மூக்குக்கு நேராக இருந்தது. மத்தோக்கேயை இலையில் பொதிந்து காலையில் ஏற்றினால் மதியம் வரை இளம் ஆவியில் வேக வேண்டும். தீ துள்ளினால் தண்ணீர் வற்றி அடிபிடித்துவிடும்.

பெரிய சாப்பாட்டுக் கடைக்காரி முன்னால் போய், ஊர் வழக்கப்படி மரியாதைக்கு மண்டியிட்டாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் அவள் நலோங்கோ. அவள் வாய்க்குச் சந்தையே பயப்படும்.

"நலோங்கோ, ஒரு பானை என் கரியில வெச்சுப் பாருங்க."

"குப்பையில சமைக்கிறவள்னு பேர் வாங்கவா?"

"வேகலைன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"ம். அந்த நிம்மதிக்காகவாவது வெச்சுப் பார்க்கறேன்."

சனிக்கிழமை காலை பானை ஏறியது. நடுவில் மூடியைத் திறக்க நலோங்கோ யாரையும் விடமாட்டாள். நகிபூலேவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மதியம் இலை பிரிந்தது. நலோங்கோ விரலால் அழுத்தினாள். வெண்ணெயாக அமுங்கியது, மஞ்சள் நிறம் கொஞ்சமும் கருகவில்லை.

"இன்னைக்கு ஒரு தடவைகூடக் குனிஞ்சு விசிறலடி," என்றாள் நலோங்கோ. "எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு."

அப்போது களத்துப் பக்கம் லாரி உறுமியது. நகிபூலே பதறி ஓடினாள். அவளை முந்திக்கொண்டு போனாள் நலோங்கோ, தலையில் தன் கடை வாழைத்தோல் கூடையோடு. பின்னாலேயே, அந்தப் பானையைப் பார்த்த மற்ற சமையல்காரிகளும் ஆளுக்கொரு கூடை சுமந்து வந்தார்கள். லாரி திரும்பக்கூட இடமில்லாமல் களம் முழுக்கத் தோலைப் பரப்பினார்கள்.

"ஏப்பா, ஓரமாப் போ," என்றாள் நலோங்கோ டிரைவரிடம். "எங்க அடுப்பு நெருப்பு இங்க காயுது. மிதிச்சிடாத."

டிரைவர், களத்தோரம் நின்ற கிஸிட்டோவைப் பார்த்தான். கிஸிட்டோ நலோங்கோவைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி அவரே கை காட்டினார்.