சுறாவுக்கு ஏற்ற பொய் இரை

மீன்பிடிக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவனுக்கு மீன் பிடிக்கவும் தெரியும் என்று நம்பிய இரண்டு பேரை நான் அறிவேன். ஒருத்தி என் மனைவி. மற்றவர் ஓல்போர்க்கில் எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த வாத்தியார். மனைவி என்னைக் கட்டியவள், எதையாவது நம்பித்தான் ஆகவேண்டும். வாத்தியாருக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.

ஊரில் நான் கடலைப் பார்த்ததெல்லாம் கந்தோர் யன்னலால்தான். ஆனால் எந்தப் படகுக்கு எந்த அனுமதி, வலைக்கு எவ்வளவு கண், பிடித்த மீனை எப்படிக் கழுவி எப்படி வைப்பது என்று வந்த சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பிரதி எடுத்து அனுப்பியவன் நான். ஒரு சூடை மீனைக்கூடக் கையால் பிடிக்காமல் ஒரு மாவட்டத்தின் மீன்பிடியை நடத்தினேன். அரசாங்க உத்தியோகம் என்றால் அப்படித்தான்.

எண்பதுகளின் நடுவில் அகதிகளாக டென்மார்க் வந்தோம். முதல் வகுப்பில் வாத்தியார் ஒவ்வொருவரிடமும் தொழில் கேட்டார். நான் "மீன்பிடித் திணைக்களம்" என்றேன். அவருக்கு அதில் முதற்பாதி மட்டும் கேட்டது. தாடிக்குள்ளிருந்து முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் பாணுக்கும் வெண்ணெய்க்கும் முன்னால் தூண்டிலுக்கும் கொக்கிக்கும் டேனிஷ் சொல் படித்தோம். கடையில் உப்பு வாங்கத் தெரியாத பெண்கள் கடலின் ஆழத்தைச் சரியான உச்சரிப்பில் விசாரித்தார்கள்.

அந்த வருடம் ஜூலையில் எங்களுக்கு மகள் பிறந்தாள். வாராவாரம் ஒரு தாதி தராசோடு வீட்டுக்கு வருவார். அவருடைய பதவிப் பெயரை டேனிஷில் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை ஒரு நேரப் பாலைக் குடித்துவிடலாம், பால் இருந்திருந்தால். இருக்கவில்லை. பிள்ளையின் எடை ஏறவில்லை. அடுத்த நிறுவையிலும் இப்படியே இருந்தால் புட்டிப்பால் தொடங்குவோம், அதில் ஒரு குறையும் இல்லை என்று தாதி அன்பாகச் சொன்னார். மனைவி சிரித்துத் தலையாட்டினாள். கதவு சாத்திய பிறகு அழுதாள்.

"எனக்குச் சுறா வேணும்," என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"என்னது?"

"பால்சுறா. பிள்ளை பெத்தவளுக்கு வேறென்ன குடுக்கிறது? அக்காவுக்கு அம்மா வறை வறுத்துக் குடுத்து மூண்டாம் நாள் பால் பொங்கினது. நீங்கள் மீன் கந்தோரிலை இருந்த ஆள்தானே, பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

மீன் கடைக்குப் போனேன். கொட் மீன் இருந்தது, தட்டை மீன் இருந்தது, ஹெரிங் மலையாகக் குவிந்திருந்தது. சுறா என்றதும் கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்து, நல்ல கொட் மீன் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார். அவருக்கு நான் பசியால் வாடுகிறவனாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மிஞ்சியவர் வாத்தியார். கோடை விடுமுறையில் அவர் ஹான்ஸ்ட்ஹோல்ம் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் தூண்டில் படகில் போவார். வடகடலில், கரை மறைந்து வெகுநேரம் ஓடினால் வரும் ஒரு நீருக்கடித் திட்டு. டேனிஷ்காரர் அதற்கு 'மஞ்சள் திட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய மீனெல்லாம் அங்கேதான் என்பது அவருடைய மதம். நான் வருகிறேன் என்றதும் என்னைக் கட்டிப்பிடித்தார். சுறா என்றதும் கட்டிப்பிடித்ததை விட்டார்.

எந்த வேலைக்கும் முதலில் விதிமுறையைப் படிக்கவேண்டும் என்பது என் கொள்கை. நூலகத்துக்குப் போய், பெருமீன் வேட்டை பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துவந்தேன். தலை சரிவாக வெட்டிய பொய் இரை நீரில் எப்படிப் புரளும், குழிந்த தலை எப்படிக் குமிழி விடும், குண்டுத் தலை எந்த வேகத்தில் நேராக ஓடும், அதைப் படகு ஓடும்போது பின்னால் எழும் பின்னலையில் எத்தனையாவது அலையின் முகத்தில் ஓடவிட வேண்டும் என்று எல்லாம் மனப்பாடம். அவற்றின் படங்களில், வெயிலில் ஆண்கள் சட்டையில்லாமல், சவரம் செய்யும் கடைக் கதிரைபோன்ற ஒன்றில் வார் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மீன் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடாமலிருக்க அந்த ஏற்பாடு.

போவதற்கு முதல்நாள் வாத்தியார் தன் பெட்டியோடு எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தார். அயல் வீட்டு மன்னார்க்காரரும் இருந்தார். ஊரில் தையற்கடை வைத்திருந்தவர். சுறா என்று காதில் விழுந்த நேரம் தொடக்கம் தானும் வருவதாக நின்றார். வாத்தியார் சாப்பாட்டு மேசையில் சாமான்களைப் பரப்பினார்.

"உதென்னண்ணை, திருவிழாக் கடை போட்ட மாதிரிக் கிடக்கு?" என்றார் மன்னார்க்காரர்.

"கொக்கியளைக் கவனம். பிள்ளை கிடக்கிறாள்," என்றாள் மனைவி.

நான் படித்ததை ஒப்புவித்தேன். சரிந்த தலை, குழிந்த தலை, பின்னலை. வாத்தியார் பொறுமையாகக் கேட்டார்.

"மிக நன்று. ஆனால் எங்கள் படகு ஓடாது," என்றார். "இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். நீரோட்டத்தோடு மிதக்கும். இரை கீழே போகும்."

கீழே போகும் அந்த இரைக்குப் பெயர் பிர்க். மீன் உருவில் வார்த்த கனத்த உலோகம், வாலில் மூன்று முள் கொக்கி. ஒடுங்கிய பிர்க் விரைவாக இறங்கும், நீரோட்டம் கடுமையென்றால் அது. அகன்றது இலைபோல அசைந்து இறங்கும், நீர் அமைதியென்றால் அது. பிர்க்குக்கு மேலே கிளை நூல்களில் இரண்டு ரப்பர் கணவாய்கள். சிவப்பு அழகு, ஆனால் ஆழத்தில் சிவப்பு கருப்பாகிவிடும், ஆகவே வெள்ளை. அடியில் தட்டியவுடன் ஒரு முழம் தூக்கவேண்டும். பிறகு சுண்டித் தூக்கி, நூல் தளராமல் இறக்கவேண்டும். மீன் கடிப்பது தூக்கும்போது அல்ல, விழும்போது.

"சுறா?" என்று கேட்டேன்.

அவர் தாடியைச் சொறிந்தார். சுறாவுக்கு உண்மை இரை வேண்டும். முழுக் கானாங்கெளுத்தி, கம்பி நூல், பலூன் மிதவை, படகோரம் ஒரு சாக்கில் நாறல் மீன். இவ்வளவையும் படகுத் தலைவர் தடைசெய்திருக்கிறார், மற்றவர்களின் நூல்கள் சிக்கும் என்று. "சுறா மூக்கால் வாழ்கிற பிராணி. பிர்க்குக்கு மணமில்லை," என்று கையை விரித்தார்.

இதை நான் தமிழில் சொன்னேன். மனைவி பிள்ளையைத் தோளில் போட்டபடி குசினிக்குப் போய், ஒரு போத்தலோடு வந்தாள். மாசிக் கருவாட்டை மிளகாயோடு இடித்த சம்பல். ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் அவளுடைய அம்மா அனுப்பியது. அதைத் திறந்தால் நானே மூன்றாம் மாடிக்குப் படிகளைத் தாவி வருவேன்.

"இந்தக் கணவாய்க்குள்ளை அடையுங்கோ," என்றாள். "உள்ளுக்குக் கோறையாத்தானே கிடக்கு."

வாத்தியார் போத்தலை மூக்கருகில் கொண்டுபோனார். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு, இது மேதமை என்றார்.

"சுறாவுக்கு உறைக்காதோ, அக்கா?" என்றார் மன்னார்க்காரர்.

"உறைச்சாத் தண்ணி குடிக்கட்டும். கடலிலைதானே நிக்குது."

ரப்பர் கணவாய்களின் வயிற்றில் சம்பலை அடைத்து, பஞ்சால் மூடி, நூலால் கட்டினோம். தையற்காரர் ஒருவர் உடன் இருந்தது அதற்கு வாய்ப்பாகப் போயிற்று.

மறுநாள் படகு துறைமுகத்தை விட்டு வெளியேறிய கையோடு மன்னார்க்காரர் அந்தோனியாரைக் கூப்பிட ஆரம்பித்தார். மன்னார்த் தீவில் பிறந்தவருக்கும் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதை நான் எந்தச் சுற்றறிக்கையிலும் தட்டச்சு செய்ததில்லை. படகு நிறைய மழைச்சட்டை போட்ட டேனிஷ் ஆண்கள். கோப்பி, பியர், பாணுக்கு மேல் ஈரல். எங்கள் பெட்டி திறந்ததும் அத்தனை பேரும் மூக்கைத் தூக்கினார்கள். ஒருவர் இயந்திர அறையைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

திட்டுக்கு மேலே வந்ததும் தலைவர் ஊதுகுழலை ஒரு தடவை ஊதினார்: நூலை இறக்கலாம். இரண்டு தடவை ஊதினால் ஏற்றவேண்டும். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, மேலதிகாரிக்கு எழுதவில்லை. இவ்வளவு ஒழுங்கான நிர்வாகத்தை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. மகிழ்ச்சியில் கண்ணைத் துடைத்தேன். கையில் சம்பல். அரைமணி நேரம் ஒற்றைக் கண்ணோடுதான் வடகடலைப் பார்த்தேன்.

முதல் இறக்கத்தில் வாத்தியார் தன் கால் நீளத்துக்கு ஒரு மீனைத் தூக்கினார். நான் கடலின் அடியைப் பிடித்தேன். இரண்டாம் இறக்கத்திலும் அதே அடிதான், வேறு இடத்தில். மூன்றாவது தடவை பிர்க் தட்டியதும் ஒரு முழம் தூக்கினேன், சுண்டினேன், நூல் தளராமல் இறக்கினேன். பாதியில் யாரோ கீழேயிருந்து கைகுலுக்கினார்கள்.

"விடாதே!" என்று வாத்தியார் கத்தினார். "சுற்று! நுனியை உயர்த்து!"

"சுத்துங்கோ அண்ணை!" என்று மன்னார்க்காரர் பலகையில் படுத்தபடி கத்தினார். "அந்தோனியாரே, சுத்தும்!"

தூண்டில் தடி வளைந்து என் நெஞ்சில் குத்தியது. சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே சுற்றினேன். நீரில் சாம்பல் நிறமாக ஒன்று திரும்பி, பச்சைக் கண்ணால் என்னைப் பார்த்தது. ஒல்லி உடம்பு, வெள்ளைப் புள்ளி, முதுகில் இரண்டு முள். சிறிய சாதிதான், ஆனால் சுறா! ரப்பர் கணவாய் அதன் வாயில்!

படகு முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. முள்ளுச்சுறா. நூலைச் சிக்கலாக்கும், கையைக் கிழிக்கும், ஒருவரும் தின்னாத மீன். அது தனியாகவும் வராது. அடுத்த கணம் இடமும் வலமும் எல்லாத் தடிகளும் வளைந்தன. சுறாக்கள் ஏறின, சாபங்கள் ஏறின. தலைவர் தன் சுக்கான் கூண்டிலிருந்து தலையை நீட்டி, இடம் மாறப்போவதாக அறிவித்து, குழலை எடுத்தார்.

"வேண்டாம்!" என்று தளம் முழுக்க ஓடினேன். "எனக்கு! எனக்குத் தாருங்கள்! எறியாதீர்கள்!"

ஒற்றைக் கண் சிவந்த, மாசி மணக்கும் ஒரு கறுத்த மனிதன் தங்கள் குப்பையைக் கேட்டு ஓடுவதைக் கண்டு எல்லாரும் நூல் சுற்றுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் கூண்டுக்கு ஏறினார். உள்ளே கையை ஆட்டிக் கதைப்பது தெரிந்தது. பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

"கவனியுங்கள்," என்றார் தலைவர். "படகில் ஒரு புதுத் தகப்பன் இருக்கிறார். அவருடைய மனைவிக்குப் பால் சுரக்கச் சுறா வேண்டுமாம். இந்த இறக்கம் குழந்தைக்காக. கொட் பிடிக்கிறவரைக் கடலில் போடுவேன்."

ஒரே ஆரவாரம். அதுவரை முகம் சுளித்தவர்கள் போட்டி போட்டுச் சுறா தூக்கினார்கள். ஒருவர் தூக்கியதும் "பால்!" என்று கத்த, படகே திரும்பக் கத்தியது. பல்லில்லாத கிழவர் ஒருவர் என்னிடம் வந்து வெட்கத்தோடு ஒரு கிள்ளுச் சம்பல் கேட்டு, தன் கொக்கியில் பூசிக்கொண்டார். மன்னார்க்காரர் எழுந்து நின்று, யாருடைய நூலையோ பிடித்து இழுத்து, வாந்தியெடுத்து, மறுபடி இழுத்தார்.

கந்தோர் எனக்குக் கைகொடுத்தது அப்போதுதான். சுறாவை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் மூத்திர நாற்றம் அடிக்கும். பிடித்தவுடன் வெட்டி இரத்தம் வடித்து, குடல் நீக்கி, கடல்நீரில் கழுவவேண்டும். நான் தட்டச்சு செய்த சுற்றறிக்கை வரிக்கு வரி ஞாபகத்தில் இருந்தது. ஒரு சுறாவின் வயிற்றிலிருந்து சாண் நீளக் குட்டிகள் உயிரோடு நெளிந்து வந்தன. மன்னார்க்காரர் சிலுவை போட்டார். வாத்தியாரும் நானும் அவற்றை உள்ளங்கையில் ஏந்தி நீரில் விட்டோம்.

வீட்டுக்கு வந்தபோது சூரியன் மறைய மனமில்லாமல் நின்றது. தாதி வரும் நாளும் அதுதான். படியேறும்போதே என் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது.

"தாதி வந்தவாவோ?" என்று வாசலில் கேட்டேன்.

"வந்தவா," என்றாள் மனைவி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "முதலிலை சுறாவை எடுங்கோ."

நான் மீன் பையை நீட்டினேன். அவள் சுறாவை அவித்துத் தோலுரித்து உதிர்த்தாள். டேனிஷ்காரர் கேக்குக்குப் போடும் உலர்ந்த தேங்காய்ப்பூ, மிளகாய்க்குப் பதில் மிளகு, ஒரு பிடி உள்ளிப்பூண்டு, மஞ்சள். வறை வாசம் மாடிப்படியால் இறங்கிப் போனது. வாத்தியாரும் மன்னார்க்காரரும் நானும் சுவரோரம் வரிசையாக நின்று அவள் சாப்பிடுவதைப் பார்த்தோம். ஒரு தட்டு. பிறகு இன்னொன்று.

"ஏதும் தெரியுதோ?" என்றேன்.

"மனுசியைச் சாப்பிட விடுங்கோ." விரலைச் சூப்பினாள். "பிள்ளைக்கு நிறை ஏறீட்டுது. தாதிக்குச் சரியான சந்தோசம். புட்டி வேண்டாமாம்."

"எப்ப? எப்பிடி?"

"பால் நேற்றிரவே இறங்கத் தொடங்கீட்டுது."

"நேற்றிரவோ! அப்ப விடிய நான் வெளிக்கிடேக்கை ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தாப் போயிருப்பியளோ?"

நான் இதை வாத்தியாருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்தார். மன்னார்க்காரர் சிரித்த சிரிப்பில் அறைக்குள் பிள்ளை விழித்து, இடி முழங்குவதுபோல அழுதாள்.

மனைவி எழுந்தாள். தட்டை வாங்க நான் கை நீட்டினேன். அவள் தரவில்லை. மூன்றாவது தடவை வறை போட்டுக்கொண்டு, தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.