மூன்று சீட்டு, ஒரே முகூர்த்தம்

யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில் தெற்கு மாசி வீதியில் எனக்கு ஒரு அச்சாபீஸ் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்துக் காப்பி கிளப் மாடியில் வியாபாரிகள் எட்டுப் பேர் கூடுவோம். ஜவுளி, நகை, பந்தல், சமையல் என்று தொழிலுக்கு ஒருவர்தான். என் கடைக்கு வருகிறவரை உங்களிடம் அனுப்புவேன், உங்களிடம் வருகிறவரை நீங்கள் எனக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார். சீட்டோடு வந்தவரை முடியாது என்று திருப்பக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான். அதில் பெருமை வேறு. வில்லாபுரத்துச் சமையல்காரர் ஒருவர் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி இரண்டு முறை வந்து கேட்டார். ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று நானே அனுப்பிவைத்தேன்.

ஊரில் எந்த வீட்டில் கல்யாணம் என்பது பத்திரிகை அடிக்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் அந்த மாடியில் எனக்கு ராஜ உபசாரம். ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார்.

"சமையலுக்கு நல்ல ஆளாச் சொல்லுங்க. பெரிய இடத்துச் சம்பந்தம். சாப்பாட்டுல குறை வந்துச்சுன்னா எம் பொண்ணைக் காலம் பூரா குத்திக்காட்டுவாக" என்றார்.

"எங்க ஆளு இருக்காரு. கண்ணை மூடிக்கிட்டு ஒப்படைங்க" என்று சீட்டு எழுதினேன். எங்கள் சமையல்காரர் கையால் நான் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்குச் சத்திரத்துக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கோட்டை அடுப்பில் தீ இல்லை. காய்கள் மூட்டை பிரிக்காமல் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். வாத்தியார் என்னைப் பார்த்தார்.

எங்கள் ஆள் வடக்கு வெளி வீதியில் வேறொரு கல்யாணத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் இடுப்பிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்து நீட்டினார்.

"மூணும் நீங்க கொடுத்ததுதான் அண்ணே. திருப்பக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதான். ஆளுகளைப் பிரிச்சு அனுப்பிச் சமாளிச்சுரலாம்னு பார்த்தேன். பாதிப் பேரு வரல. இருக்குற ஆளு ரெண்டு கல்யாணத்துக்குத்தான் காணும். நான் என்ன செய்ய?"

வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் என் கையெழுத்து. மூன்று கல்யாணத்துக்கும் ஒரே நாள், ஒரே முகூர்த்தம். மூன்று பத்திரிகைக்கும் புரூப் பார்த்தவன் நான். ஒற்றெழுத்து விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது தெரியவில்லை. தெரு நடுவில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வேறு போக்கிடம் இல்லாமல் குதிரைவண்டி பிடித்து வில்லாபுரம் போனேன். நான் திருப்பி அனுப்பிய சமையல்காரர் வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இம்புட்டுப் பெரிய முகூர்த்த நாள்ல வீட்டுல இருக்கீகளே?" என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாரும் உங்க சீட்டைத்தானே கொண்டுபோறாக. இந்த வருசம் எனக்கு முதக் கல்யாணமே இதுதேன். வாங்க, வாரேன்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அவரும் அவர் மனைவியும் தம்பிகளுமாக வந்து அடுப்பை மூட்டினார்கள். காலைப் பலகாரம் தாமதமானது; சம்பந்தி வீட்டில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் தாலி கட்டி முடிந்ததும் இலை விழுந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் வாத்தியார் ஓர் ஓரமாக உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் நேரே அடுப்படிக்குப் போனேன். சட்டைப் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்து, "அடுத்த வாரம் ஒரு கல்யாணம் இருக்கு. உங்க பேரை எழுதித் தாரேன்" என்றேன்.

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"முதல்ல உக்காந்து சாப்பிடுங்க அண்ணே. சாப்பிட்டுட்டு எழுதுங்க."

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். அவரே வந்து சோறு போட்டார். இலையில் கை வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.